உப்புப் பூத்த பாதை

மார்ச் 3

வாலுவின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். வழியில் அவள் ஒரே ஒரு முறைதான் வாந்தி எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பு என்று சொல்லச் சொல்ல என் சட்டைமேல் எடுத்தாள். இப்போது அக்கா வீட்டு மாடியில் எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். நாம் போனில் பேசுவது பேச்சாகவே இல்லை. நான் ஆரம்பித்த வாக்கியத்தை நீ முடிக்கிறாய், நீ முடித்ததை நான் வெட்டுகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துத்தான் ஆக வேண்டும். நீயும் எழுது.

இங்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். ஈயம் கூடுதல் என்று அங்கே வந்த ரத்தப் பரிசோதனையைப் படித்துவிட்டு, அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நான் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவன் என்றேன். தலையாட்டினார். குழந்தையின் அம்மா குப்பை எரிக்கும் ஆலையில் சாம்பல் கழுவும் பிரிவுக்குப் பொறுப்பாளர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தச் சாம்பல்ல ஈயம் இருக்குமே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டோடு சேர்த்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் டாக்டர் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஈயம் அவள் வயதில் மூளைக்குத்தான் கெடுதல் என்றார். படிப்பு, பேச்சு, பொறுமை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்குமாம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், எங்கிருந்து வருகிறதோ அதை முதலில் நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று வாசலில் சொன்னதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. வாபஸ் வாங்கப் போவதும் இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வா. அவள் இருக்கும் வீட்டுக்குள் அந்தச் சாம்பல் இனி நுழையக்கூடாது.

வாலு அப்பா


மார்ச் 7

வாலு அப்பாவுக்கு,

வாசலில் சொன்னதை நீங்கள் திருப்பி எழுத வேண்டியதே இல்லை. எனக்கு மனப்பாடம். "நீ தலையிலயும் துணியிலயும் ஒட்டிக்கிட்டு வர்ற விஷத்தை என் பொண்ணு திங்கறா." மாடி வீட்டுக்காரர்கள் படியில் நின்று கேட்டார்கள். நான் தினமும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருவதைப் பார்த்து, இப்படியே போனால் சளி பிடித்துச் சாகப்போகிறாய் என்று திட்டுகிறவரும் நீங்கள்தான்.

இவ்வளவு நாளில் என் வேலையைப் பற்றி நீங்கள் ஒருமுறையாவது காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கேளுங்கள், குறுக்கே பேச முடியாது.

உலையில் குப்பை எரியும்போது புகையோடு மாவு மாதிரி ஒரு சாம்பல் பறக்கும். புகைபோக்கியை எட்டும் முன் அதைத் துணிப்பைகள் பிடித்துவிடும். ஊரார் தூக்கி எறிந்த பேட்டரி, பெயிண்ட், ஒயர் எல்லாவற்றிலும் இருந்த ஈயம், காட்மியம், துத்தநாகம் அதில்தான் வந்து சேரும். கூடவே ஏகப்பட்ட உப்பு. மற்ற ஊர்களில் அதை மூட்டை கட்டிப் புதைக்கிறார்கள். நாங்கள் புகையைக் கழுவும்போது கிடைக்கும் அமிலத் தண்ணீரிலேயே அந்தச் சாம்பலைக் கழுவுகிறோம். உப்பும் உலோகமும் தண்ணீருக்குப் போய்விடும். தண்ணீரிலிருந்து உலோகத்தைச் சேறாகப் பிரித்து உருக்காலைக்கு அனுப்புகிறோம். அங்கே அது மறுபடி துத்தநாகமாகவும் ஈயமாகவும் ஆகிறது. கழுவிய சாம்பலைச் சிமெண்டோடு கலந்து கட்டிப்போடுகிறோம். கெட்டதை மூடி வைப்பதில்லை, பிரித்து எடுக்கிறோம். எனக்குப் பெருமை அதில்தான்.

வேலைத் துணி ஆலையை விட்டு வெளியே வராது. குளியலறைக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை. குளிக்காமல் தாண்டவே முடியாது. என் ரத்தத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தார்கள். ஈயம் சொற்பம். என் உடம்பிலேயே இல்லாததை நான் எப்படி அவளுக்குக் கொடுத்திருப்பேன்?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடைக் கட்டடம் பழையது. சுவரில் பெயிண்ட் அப்பளமாக உரிகிறது. பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் அந்தத் தரையில்தான் உட்கார்ந்திருப்பாள். குற்றம் சாட்டவில்லை. பார்க்கச் சொல்கிறேன்.

நானும் சும்மா இல்லை. ஜன்னல் விளிம்பு, கட்டிலுக்கு அடி, வாசற்படி, அவள் செருப்பு என்று வீடு முழுக்க ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி தவழ்ந்தேன். பெயிண்ட் என்றால் ஈயம் தனியாக நிற்கும். சாம்பல் என்றால் துத்தநாகமும் காட்மியமும் கூடவே வரும். எது வந்தாலும் மறைக்காமல் எழுதுவேன்.

அவள் சாப்பிடுகிறாளா? அதை எழுதவில்லையே நீங்கள்.


மார்ச் 12

மதிப்பிற்குரிய சாம்பல் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி என் கடைச் சுவரைச் சுரண்டி ஆய்வுக்குக் கொடுக்கக் கடைக் கூட்டாளியிடம் சொன்னேன். கொடுத்தார். ஈயம் இல்லை. என் ரத்தத்தையும் கொடுத்தேன். அதிலும் இல்லை. குழந்தை தினமும் உட்கார்ந்த தரையில் தினமும் நின்றவன் நான். ஆகவே என் கடை தப்பித்தது. அடுத்து யாரைச் சந்தேகப்படுவதாக உத்தேசம் என்று தெரிவித்தால் நலம்.

இந்த மாதிரியே முழுக்க எழுதிவிட நினைத்தேன். முடியவில்லை.

சாப்பிடுகிறாள். வயிற்று வலி என்று நடுவில் படுத்துக்கொள்கிறாள், அப்புறம் எழுந்து ஓடுகிறாள். நேற்று அக்காவுக்கு ஒரு கூத்து. கடைக்குப் போய்விட்டு வந்தால், இவள் வாசற்படியில் மண்டியிட்டுக் கல்லை நக்கிக்கொண்டிருக்கிறாள். அக்கா பதறிப்போய், "ஏய், என்னடி பண்றே?" என்று தூக்கியிருக்கிறாள். இவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அத்தே, உங்க கல்லு நல்லாவே இல்ல. எங்க கல்லு உப்பா இருக்கும்" என்றாளாம். கல்லில் என்னடி உப்பு என்று அக்கா சிரித்துவிட்டு வாயைக் கழுவிவிட்டாள். மண் தின்கிற பழக்கம் சத்துக் குறைவால் வரும், இரும்புச் சத்து டானிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒரே பாட்டு. வாங்கியிருக்கிறேன்.

வேலையை விடுவதைப் பற்றித் தாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.


மார்ச் 15

கூரியரில் அனுப்புகிறேன். காலையில் போன் செய்தேன். அண்ணி எடுத்தார்கள், நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

எந்தக் கல் உப்பாக இருக்கும் என்று அவளிடம் கேளுங்கள். அதட்ட வேண்டாம். விளையாட்டுப் பேச்சாகக் கேளுங்கள். எந்த இடத்தில், எப்படி இருக்கும், வேறு யார் யார் நக்குவார்கள் என்று கேளுங்கள்.

துடைத்து அனுப்பியதற்கு முடிவு வந்துவிட்டது. நம் வாசற்படியிலும் அவள் செருப்பிலும் இருப்பது பெயிண்ட் இல்லை. சாம்பல்தான். இதைத்தான் நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள். ஆனால் என் கழுவும் கூடத்துச் சாம்பல் இல்லை அது. அதில் உப்பு கொட்டிக் கிடக்கிறது. கழுவிய சாம்பலில் உப்பு இருக்கவே முடியாது. உப்பு இருந்தால் அது கழுவாத சாம்பல். கழுவாத சாம்பல் ஆலைக்கு வெளியே எங்கேயும் இருக்கக் கூடாது.

உப்புக்கல் என்று அவள் சொன்னதை நீங்கள் கூத்து என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

அப்புறம், என்னைத் "தாங்கள்" என்று எழுதாதீர்கள். வாசலில் கத்தினதைவிட அது வலிக்கிறது.


மார்ச் 17

நீ கூப்பிட்டதாக அக்கா சொன்னாள். திருப்பிக் கூப்பிட எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். குழந்தை பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் காதில் விழும்படி இதைப் பேச முடியாது.

கேட்டேன். மொட்டை மாடியில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டேன். நம் ஆலைக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில், ஊஞ்சலைச் சுற்றிப் போகும் பாதையாம். அதில் பதித்த பேவர் கல்லில் மழை பெய்து காய்ந்தால் வெள்ளையாகப் பூக்குமாம். குச்சியால் சுரண்டினால் மாவாக வருமாம். அதைச் சோறாக்கி இலையில் வைத்துச் "சாப்பாட்டுக் கடை" விளையாடுவார்களாம். பொய்ச் சாப்பாடு இல்லை, நிஜமாகவே தின்பார்களாம், ஏனென்றால் அதில் உப்பு இருக்கிறது. வாலு, சுருட்டை, எதிர் வீட்டு இரட்டைகள், இன்னும் யார் யாரோ. சுருட்டைதான் நிறையச் சாப்பிடுவானாம், அவன்தான் கடை முதலாளியாம்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பின்னலை முடித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பாதை யாருடையது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலில் கல் செய்யலாம், அதன்மேல் குழந்தைகள் ஓடலாம் என்று ஊருக்கே காட்டப்போகிறேன் என்று நீதான் குதித்தாய். திறப்பு விழாவன்று வாலுவைத் தூக்கி அந்தக் கல்லின்மேல் முதலில் நிற்க வைத்தாய். போட்டோ எடுத்தவன் நான்.

அது உன் கூடத்துச் சாம்பல் இல்லை என்கிறாய். பின்னே யாருடையது?


மார்ச் 22

உங்கள் கடைசி வரிக்குப் பதில் தேடித்தான் இத்தனை நாள் போனது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். நுழைவாயில் பக்கம் உள்ள கற்கள் நான் முன்னால் நின்று செய்வித்தவை. உடைத்துப் பார்த்தேன், சுத்தம். ஊஞ்சலைச் சுற்றி உள்ளவை வேறு. நிறம்கூடக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, இத்தனை மாதம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன், கண்ணில் படவில்லை. உடைத்த துண்டைத் தண்ணீரில் ஊற வைத்தேன். ஈயம் சாயம் மாதிரி இறங்கியது.

கல் அச்சு போடும் மேஸ்திரியைக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது அமிலத் தொட்டியின் உள்பூச்சு கிழிந்து கழுவுகிற வேலை நின்றுவிட்டதாம். விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, கல் போதவில்லை. கழுவாத சாம்பலையே போட்டு, சிமெண்டை இரண்டு மடங்காக்கு என்று பெரியவர் சொன்னாராம்.

பெரியவரை உங்களுக்குத் தெரியும். ஆலை மேலாளர். புதைத்தால் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, கழுவும் பிரிவு வேண்டும் என்று எனக்காக ஒற்றை ஆளாக நின்றவர். அவர் அறைக்குப் போய்த் துண்டை மேஜைமேல் வைத்தேன். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ சொன்னதுதானேம்மா, சிமெண்ட் கட்டிப்போடும்னு" என்றார்.

"கழுவின பிறகு சார். கழுவாம சிமெண்டைக் கூட்டினா காரம் ஏறும், அந்தக் காரத்துலயே ஈயம் கரைஞ்சு உப்போட சேர்ந்து மேல வந்துடும். அதைத்தான் பிள்ளைங்க திங்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டுக் கல்லை மாற்றிவிடுவதாகவும், பாதை உள்வாங்கிவிட்டது, ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிள்ளைகளுக்கு ரத்தம் பார்க்க வேண்டுமே என்றேன். சத்துக் குறைவு முகாம் என்று ஒன்று போட்டு மெதுவாகப் பார்க்கலாம் என்றார். அப்புறம் சொன்னார், "வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கறது ரெண்டாவது. முதல்ல மூடறது உன் பிரிவை. சாம்பல் மறுபடி மூட்டையா குழிக்குப் போகும். அதானே உனக்கு வேணும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

அன்று சாயங்காலமே பாதையைச் சுற்றி சிவப்பு நாடா கட்டினேன். காலையில் நாடாவைக் காணோம், இரட்டைகள் அந்தக் கல்லில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். தூக்கி வீட்டில் விட்டேன். ஏன் என்று அவர்கள் அம்மா கேட்டாள். வெயில் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் கல் போய்விடும், பிரிவும் தப்பிக்கும் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 25

ஒரு நாள் முழுக்க நினைத்தாயா? அந்த ஒரு நாளில் சுருட்டை எத்தனை முறை கடை திறந்திருப்பான் என்று யோசித்தாயா? நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர எனக்கு அக்கா வீடு இருந்தது. அவன் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? இரட்டைகளின் அம்மாவிடம் வெயில் என்றாயே.

பெரியவர் நல்லவர், உனக்காக நின்றவர், எல்லாம் சரி. அவர் பேத்தி அந்தத் திடலில் விளையாடவில்லை.

இது கிடைத்த மறுநாளுக்குள் சுருட்டையின் அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும். இல்லையென்றால் நானே போன் செய்து சொல்வேன். என் பெண்டாட்டி செய்த கல் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இங்கே ஒரு நண்பனின் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மேலே உள்ளதை எழுதிவிட்டு வேலைக்கு உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளரின் லென்ஸை உடைத்துவிட்டேன். எனக்கு அப்படி ஆனதே இல்லை.

நீ சொன்னால் அவர்கள் முதலில் உன் கதவைத்தான் உடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிவிட்டு அங்கே நிற்காதே. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடு.


மார்ச் 26

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நீங்கள் சொல்லித்தான் செய்தேன் என்று நாளைக்கு நீங்களும் நினைக்கக் கூடாது, நானும் நினைக்கக் கூடாது.

சொல்லிவிட்டேன்.

முதலில் சுருட்டையின் அம்மாவிடம் போனேன். குப்பைக் குழியில் கிரேன் ஓட்டுகிற அக்கா, உங்களுக்கு நினைவிருக்கும், அந்தக் கொக்கியால் குப்பையை அள்ளி உலையில் போடுகிறவர். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். சுருட்டை தரையில் படுத்துக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வாலுவின் ரத்தம், உப்பு, கல், கழுவாத சாம்பல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "கல்லைச் செஞ்சது நீதானே?" என்று மட்டும் கேட்டார்.

"முன்னாடி போட்டது நான் செஞ்சது, அக்கா. இந்தக் கல்லு நான் இல்லாதப்போ செஞ்சது."

"நக்குனது எம்பையன். அவனுக்கு முன்னாடி கல்லு எது, பின்னாடி கல்லு எதுன்னு தெரியுமா?"

அவர் எழுந்து, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். அங்கே என்ன தெரியப்போகிறது. ஆனாலும் பார்த்தார். அப்புறம் என்னை வெளியே போகச் சொன்னார்.

அதற்கப்புறம் குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் ஏறினேன். இரட்டைகளின் அம்மா, வெயில் என்று பொய் சொன்னதற்காகவே என்னைப் பார்த்து அழுதாள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லப் பேசுங்கள், எனக்கு இந்த மாதம்தான் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்றார். அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆலைக் கதவில் என் அட்டை வேலை செய்யவில்லை. தற்காலிக நீக்கம். காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். திரும்பி வந்தால் நம் வாசற்படியில் யாரோ உடைத்த கல் துண்டுகளைக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைப்பத்தால் பெருக்கவில்லை. தூசு பறக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியில் கட்டி, டப்பாவில் போட்டு மூடினேன்.

வந்துவிடு என்று எழுதுவீர்கள். வர முடியாது இப்போது. ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டுக் காய்ந்த கல்லைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள் என்றால், அந்தத் தூசு இத்தனை வீட்டுக்குள்ளும் போகும். முதலில் நனைக்க வேண்டும். அதைச் சொல்ல இங்கே ஒருத்தி இருக்க வேண்டும், கேட்கிறார்களோ இல்லையோ.


ஏப்ரல் 2

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதை நீ படித்திருப்பாய். அதைக் கிழித்துப் போட்டுவிடு. "வந்துவிடு" என்ற இடத்தை வேண்டுமானால் வைத்துக்கொள்.

அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாக வருகிறது. ஞாயிறு வந்து போய்விட்டது. ஆலையில் புகை வரவில்லை என்று இங்கே யாரோ பேசிக்கொண்டார்கள் என்றாள் அக்கா. என்ன நடக்கிறது? திட்டியாவது எழுது.

வாலுவுக்கு மறுபடி ரத்தம் பார்த்தோம். குறைந்திருக்கிறது. நன்றாகவே குறைந்திருக்கிறது, இன்னும் இருக்க வேண்டிய அளவுக்கு வரவில்லை. மூலத்தை நிறுத்தியதுதான் காரணம், இப்படியே போனால் பயமில்லை, ஆனால் இன்னும் சில வருஷம் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். உன் அம்மாதான் இதைக் கண்டுபிடித்தாள் என்று நான் வாலுவிடம் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். கடிதத்தில் நீ எழுதிய அந்தச் சிமெண்ட் விஷயத்தை அவருக்குச் சொன்னேன். முழுதாகச் சொல்லத் தெரிந்தது எனக்கே ஆச்சரியம்.

வாசலில் கத்தினதை வாபஸ் வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். வாங்குகிறேன். சாம்பல் நீ கொண்டு வரவில்லை.

இன்னொன்று. அந்தக் கல்லை இனி எப்போதும் வாயில் வைக்கக் கூடாது என்று அவளை உட்கார வைத்துச் சொன்னேன். சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்டாள்: "அது அம்மா செஞ்ச கல்லுதானே? அம்மா செஞ்சதை எல்லாம் மிச்சம் வெக்காம சாப்பிடுன்னு சொல்றீங்க. இதை மட்டும் ஏன் சாப்பிடக் கூடாது?"

அக்காவைப் பார்த்தேன், அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. இதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.


ஏப்ரல் 8

போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டேன், வேண்டுமென்று இல்லை. எழுத உட்கார நேரமே இல்லை. இப்போதும் திடலின் ஓரத்தில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். நான் பாதையின் குறுக்கே போய் நின்றேன். நகருங்கள் மேடம் என்றார்கள். தண்ணீர் ஊற்றாமல் தொடக் கூடாது என்றேன். மேஸ்திரி பெரியவருக்குப் போன் செய்தார், பெரியவர் வேலையை ஆரம்பி என்றார். ஒரு ஆள் என் தோளைப் பிடித்து ஒதுக்கினான். அப்போது கிரேன்கார அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மேஸ்திரியின் கையிலிருந்த போனை வாங்கினார்.

"சார், நான் கிரேன் ஓட்டறவ பேசறேன். கல்லை இந்தம்மா சொல்ற மாதிரி எடுங்க. எல்லாப் பிள்ளைக்கும் நாளைக்கே ரத்தம் பாருங்க. அதுவரைக்கும் உங்க உலைக்கு நான் தீனி போட மாட்டேன்."

அன்று சாயங்கால ஷிப்டில் அவர் ஏறவில்லை. அடுத்தவரும் ஏறவில்லை, அவர் இரட்டைகளின் அப்பா. குழியில் குப்பை மலையாக ஏறியது, உலை அணைந்தது. நகரம் முழுக்க லாரிகள் வரிசையில் நின்று நாறின. தலைமை அலுவலகத்திலிருந்து கார்கள் வந்தன. பெரியவரை அதே அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் ஆள் சொல்லிக் கேட்டதுதான். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கூடுதல். சுருட்டைக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றுகிறார்கள். ஊசி போடும் நர்ஸிடம், இந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று புகார் சொன்னானாம். அவன் அம்மா என்னிடம் அதைச் சொல்லவில்லை, இரட்டைகளின் அம்மா சொன்னாள்.

என் வேலை இன்னும் திரும்பவில்லை. ஆனால் கல்லை என்ன செய்வது என்று வேறு யாருக்கும் தெரியாததால் உள்ளே விட்டிருக்கிறார்கள். கல்லை நனைத்துப் பெயர்த்து, தண்ணீருக்குள்ளேயே அரைத்து, என் தொட்டிகளில் கழுவிக்கொண்டிருக்கிறோம். இது முதலிலேயே நடந்திருக்க வேண்டியது. சேறு தொட்டியின் அடியில் படிகிறது, பார்க்கச் சாதாரணக் களிமண் மாதிரி இருக்கிறது. அதை உருக்காலைக்கு அனுப்பியபோது லாரி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கல்லுக்கு அடியிலுள்ள மண்ணை எடுக்க வேண்டும். அதற்கப்புறம் என் பிரிவை வைத்திருப்பார்களா மூடுவார்களா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைத் தொட்டி ஓரத்தில் நின்று படித்தேன். ரத்தம் குறைந்திருக்கிறது என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன். அவள் கேட்டதையும் படித்தேன்.

கல் வேலை வியாழனோடு முடிந்துவிடும், மண் தோண்டும் இயந்திரம் வர அதற்குமேல் இரண்டு நாள் ஆகுமாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கிரேன்கார அக்கா, இத்தனை நாளில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "அந்த ரெண்டு நாள் போய்ப் பொண்ணைப் பாத்துட்டு வா" என்றார். படியேறிப் போனவர் நின்று, "திரும்பி வரணும். மண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். வாலுவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், பஸ் தாமதமானால் ஏமாந்துபோவாள். நீங்கள் மட்டும் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். அண்ணியின் பழைய துணி ஒன்று கொண்டுவாருங்கள், ஒரு சோப்பும். அங்கேயே முகம் கை கழுவி, உடுத்தியிருப்பதை மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்து அவளைத் தூக்குவேன்.